நான்கு கட்டங்களை எழுதாமல் விட்டவர்

அன்று எனக்குத் தேர்வறைக் கண்காணிப்பு. கைபேசியைத் துறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். மூன்று மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது ஒரே எண்ணிலிருந்து ஆறு அழைப்புகள் வந்திருந்தன. ஜாதவ்பூரில் அலமேலு அக்கா குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கும் புல்புல் பௌதியின் எண். பௌதி என்றால் இங்கே அண்ணி. திரும்ப அழைத்தேன். பௌதி எடுத்தவுடன் அழவில்லை. மிகத் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக, "ஆலோ-தி ஆர் நேய், தாதா" என்றார். ஆலோ அக்கா இனி இல்லை. காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், கணவர் தங்கராஜ் அண்ணன் காபியுடன் வருவதற்குள் போய்விட்டார்.

விடைத்தாள் கட்டுகளை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். வழியில் எனக்கு வந்த முதல் எண்ணம், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, வருகிற சனிக்கிழமைப் புதிரை யாருக்குப் படித்துக் காட்டுவது என்பதுதான்.

நம் தமிழ்ச் சங்கத்துப் பெரும்பாலானவர்களுக்கு அக்காவைத் தெரியும். ஆனால் பலரும் அவரை ரத்த வங்கி அலமேலுவாகத்தான் அறிந்திருப்பீர்கள். தென் கல்கத்தாவின் ஒரு மருத்துவமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ரத்தப் பிரிவு பார்க்கும் வேலையில் இருந்தவர். யார் வீட்டில் யாருக்கு ரத்தம் தேவைப்பட்டாலும் முதலில் நினைவுக்கு வருபவர். கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்ததால் வங்காளம் எழுதப் படிக்க நன்றாகத் தெரியும். தமிழ் மட்டும் அப்பாவின் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழாகவே கடைசி வரை இருந்தது. அலமேலு என்ற பெயர் மருத்துவமனையில் யார் வாயிலும் நுழையாததால், சேர்ந்த முதல் வாரமே அதை ஆலோ என்று சுருக்கிவிட்டார்கள். வங்காளத்தில் ஆலோ என்றால் வெளிச்சம்.

சனிக்கிழமை மாலைகளில் சங்க வாசக அறையின் மூலை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாங்கள் எட்டுப் பேர் அறிந்த அலமேலு அக்கா வேறொருவர். அவரைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுப்பவன். சுடோகு எங்கள் மேசைக்கு வந்ததே என்னால்தான். ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கள். குறுக்கே போவதை வரிசை என்போம், மேலிருந்து கீழே போவதைப் பத்தி என்போம். உள்ளே மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டிகள். ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்கள் ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் பெட்டியிலும் ஒரே ஒருமுறை வர வேண்டும். சில எண்களை முன்பே கொடுத்திருப்பார்கள், மீதியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. மேசையில் நான்தான் கெட்டிக்காரன் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

ஒரு மழைநாளில், குடை நனைந்துவிட்டதால் உள்ளே ஒதுங்கியவர் அக்கா. அன்று நாங்கள் ஐந்து பேர் ஒரு புதிரில் முக்கால் மணி நேரமாக மாட்டிக்கொண்டிருந்தோம். காலிக் கட்டங்களின் மூலைகளில் பொடிப்பொடியாக எண்களை எழுதி, அழித்து, தாள் கிழிகிற நிலைக்கு வந்திருந்தது. அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஈரப் புடவையின் ஓரத்தைப் பிழிந்தபடியே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைக் கேட்கவில்லை. இருபது நிமிடம் போனது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாலாவது வரிசையில ஆறு எங்கெல்லாம் வரலாம்?"

பார்த்தேன். இரண்டாவது பத்தி, இல்லையென்றால் ஏழாவது பத்தி. வேறு இடமில்லை.

"எட்டாவது வரிசையில?"

அதிலும் அதே இரண்டு பத்திகள்தான்.

"அப்போ நாலாவது வரிசை ஆறை ரெண்டாவது பத்தியில வச்சா, எட்டாவது வரிசை ஆறு ஏழாவது பத்திக்குப் போகும். இதை மாத்தினா அதுவும் மாறும். எப்படிப் பாத்தாலும் அந்த ரெண்டு பத்திக்கும் ஆறு இந்த ரெண்டு வரிசையில இருந்துதான் வருது. அந்தப் பத்திகள்ல மத்த இடத்துல நீங்க பென்சில்ல குறிச்சு வச்சிருக்கிற ஆறையெல்லாம் அழிச்சிரலாம்லா?"

அழித்தோம். மூன்று ஆறுகள் போயின. அதில் ஒரு கட்டத்தில் ஒன்பது மட்டுமே மிஞ்சியது. பிறகு ஐந்து நிமிடத்தில் புதிர் முடிந்துவிட்டது. இந்த உத்திக்கு ஆங்கிலத்தில் எக்ஸ் விங் என்று பெயர் என்று நான் அறிவித்தேன். அக்கா ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டார். "இதுக்குப் பேரெல்லாம் இருக்கா?" அவர் எந்தப் புத்தகமும் படித்ததில்லை, எந்த இணையதளமும் பார்த்ததில்லை. ஜாதவ்பூரிலிருந்து சியால்தாவுக்குப் போகும் உள்ளூர் ரயிலில், பெண்கள் பெட்டியின் நெரிசலில் நின்றபடி, எட்டாக மடித்த செய்தித்தாளைப் பார்த்துப் பார்த்துத் தானே கண்டுபிடித்தது. ஏன் எதையும் எழுதுவதில்லை என்று கேட்டேன். "ஒரு கையில பை, ஒரு கையில கம்பி. பேனா பிடிக்க மூணாவது கை வேணும் தம்பி" என்றார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் எங்கள் மேசையில் ஒருவர். என்னைச் சில நாள் தம்பி என்பார். நான் அதிகம் பேசிவிட்ட நாட்களில் மாஸ்டர்மொஷாய் என்பார். இங்கே பள்ளி வாத்தியார்களை அப்படித்தான் அழைப்பார்கள்.

எனக்கும் அவருக்கும் முதல் சண்டை ஊகத்தைப் பற்றி வந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு எண்களுக்குத்தான் வாய்ப்பு இருந்தால், ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டே போவது என் வழக்கம். எங்கேயாவது இடித்தால் திரும்பி வந்து மற்றதைப் போடுவேன். வேகமாக முடிந்துவிடும். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. இது முறையான நிரூபணம்தான், கணிதத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறார்கள் என்று நான் பெரிதாக விளக்கினேன். அன்று அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒரு வாரம் யோசித்திருக்கிறார். மறு சனிக்கிழமை வந்து உட்கார்ந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னது சரிதான் தம்பி. இடிச்சா அந்த எண் தப்புன்னு தெரிஞ்சிருது. ஆனா இடிக்காமப் போயி முழுசா முடிஞ்சிட்டா என்ன செய்றீங்க?"

"முடிஞ்சா விடை கிடைச்சாச்சு, அக்கா."

"ஒரு விடை கிடைச்சாச்சு. அந்த இன்னொரு எண்ணைப் போட்டாலும் முடியுமான்னு பாக்கவே இல்லையே."

"புதிருக்கு ஒரே விடைதான் இருக்கும்."

"யாரு சொன்னா?"

"புதிர் போடுறவங்க."

"அவங்க சரிபாத்தாங்களான்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அன்று அவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை. "ரத்தப் பையில என்ன பிரிவுன்னு எழுதி ஒட்டியிருக்கும். அதை நம்பி நாங்க ரத்தம் கொடுத்துட மாட்டோம். ஏத்திக்கப் போறவரு ரத்தத்தோட சேத்துத் திரும்பவும் பாப்போம். ஒட்டினவங்க மேல சந்தேகம்னு இல்ல. நாம பாக்கலைங்கிறதுதான் காரணம்."

புதிருக்கு ஒரே விடைதான் என்ற நம்பிக்கையை வைத்தே சில உத்திகள் இருக்கின்றன. இரண்டு வரிசை, இரண்டு பத்தி, இரண்டு பெட்டிகளில் நான்கு கட்டங்கள் ஒரு செவ்வகத்தின் மூலைகள் போல அமைந்து, நான்கிலும் ஒரே இரண்டு எண்கள் மட்டும் வந்தால், அவற்றை இடம் மாற்றிப் போட்டாலும் எதுவும் கெடாது. அப்படியானால் இரண்டு விடை வந்துவிடும். ஆகவே நான்கில் ஒன்றிலாவது வேறு எண் இருந்தே தீர வேண்டும் என்று முடிவு கட்டி முன்னே போவார்கள். வல்லுநர்கள் அன்றாடம் செய்வதுதான். அக்கா ஒருபோதும் செய்ததில்லை. அதற்குப் பதிலாக அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து நீளமான சங்கிலி ஒன்றைத் தேடுவார். இந்தக் கட்டத்தில் இரண்டு என்றால் அங்கே ஏழு, ஏழு என்றால் இங்கே ஐந்து. சரி, முதல் கட்டத்தில் இரண்டு இல்லை என்றால்? வேறு வழியாகச் சுற்றி வந்தாலும் அதே ஐந்து. "எந்த வழியா போனாலும் இங்கன அஞ்சுதான். இது போதும் எனக்கு" என்பார். ஒன்பது பத்துக் கட்டங்கள் தாண்டிப் போகும் அந்தச் சங்கிலிகளை ஒரு கோடுகூடப் போடாமல் அவர் பிடித்து வருவதைப் பார்த்துக்கொண்டு, என் பட்டங்களை நினைத்து நான் பலமுறை வெட்கப்பட்டிருக்கிறேன்.

நியூ டவுனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அரங்கில் நடந்த போட்டியைப் பற்றி இதுவரை நான் எங்கும் முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் மேசையிலிருந்து நானும் அக்காவும் போனோம். தங்கராஜ் அண்ணனும் கூட வந்தார். இறுதிச் சுற்றுக்கு மூன்று பேர்: நான், அக்கா, அங்கேயே ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர். மேடையில் மூன்று பெரிய வெள்ளைப் பலகைகள். மூன்றிலும் ஒரே புதிர். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க நின்றபடி போட வேண்டும். அரை மணி நேரம். அந்தப் புதிரை உருவாக்கியவர் ஸ்ரேயா என்ற கல்லூரி மாணவி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பாதியில் எனக்கு வழி அடைத்தது. ஒரு கட்டத்தில் மூன்று அல்லது எட்டு. மூன்றைப் போட்டேன். இடிக்கவில்லை. கடகடவென்று ஓடியது. பத்தொன்பதாவது நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையை உயர்த்தினேன். கைதட்டல். நடுவர் விடைத்தாளோடு ஒப்பிட்டுத் தலையாட்டினார். இளைஞர் நடுவில் செய்த ஒரு தவறைத் திருத்தி, சற்றுப் பிந்தி முடித்தார். அப்போதுதான் அக்காவின் பலகையைப் பார்த்தேன்.

எழுபத்தேழு கட்டங்கள் நிரம்பியிருந்தன. நான்கு மட்டும் காலி. எழுதுகோலைப் பிடித்தபடி அந்த நான்கையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான்கே கட்டம். அரங்கில் இருந்த எந்தக் குழந்தையாலும் நிரப்பிவிட முடியும். நிமிடங்கள் போயின. கூட்டத்தில் லேசான சிரிப்பு. தொகுப்பாளர் கனிவாகத்தான் சொன்னார், "லிகே தின், திதி." எழுதிவிடுங்கள் அக்கா. அக்கா அவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு எழுதுகோலின் மூடியைப் போட்டு, பலகையின் விளிம்பில் வைத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி அடித்தது. புதிரை முடிக்காதவர் என்று அவரை மூன்றாவதாக அறிவித்தார்கள். இளைஞருக்கு இரண்டாம் இடம், எனக்குக் கோப்பை.

திரும்பும்போது வாடகைக் காரில் நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். கோப்பை என் மடியில். பைபாஸ் சாலையில் போக்குவரத்து நின்றுவிட்டது. நான் திரும்பிக் கேட்டேன்.

"ஏன் அக்கா எழுதல? மேடைக் கூச்சமா?"

"மூணு எட்டுன்னு எழுதலாம். எட்டு மூணுன்னும் எழுதலாம். எதை எழுதுறது?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு கைபேசியில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு வரிசை, இரண்டு பத்தி, இரண்டு பெட்டி. நான்கு மூலைகள். நான் போட்டிருந்த மூன்றையும் எட்டையும் அப்படியே இடம் மாற்றினால் எந்த விதியும் கெடவில்லை. அந்தப் புதிருக்கு இரண்டு விடைகள் இருந்தன. நான் ஒன்றை ஊகித்தேன். அது விடைத்தாளில் இருந்த விடையாக அமைந்துவிட்டது. மற்றதை ஊகித்திருந்தால் தோற்றிருப்பேன்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"அந்தப் பொண்ணு முன்னாடி உக்காந்திருந்தா. அவ அம்மா படம் எடுத்துக்கிட்டிருந்தாங்க. அத்தனை பேர் நடுவுல சொல்லணுமா? லெட்டர் எழுதினாப் போதும்."

"அப்படின்னா ஏதாவது ஒண்ணை எழுதிட்டு இறங்கியிருக்கலாமே?"

"அது எப்படி தம்பி?" என்றார். கோபமே இல்லை. உண்மையிலேயே அது எப்படி முடியும் என்று தெரியாதவர் கேட்பது போல இருந்தது. தங்கராஜ் அண்ணன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அவகிட்ட அதைக் கேக்காதீங்க சுந்தரம். முடியாது அவளால" என்றார்.

அக்கா ஸ்ரேயாவுக்கு வங்காளத்தில் எழுதிய கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினார். புதிரில் தனக்குப் பிடித்த இடங்களை முதலில் வரிசையாகச் சொல்லியிருந்தார். கடைசி இரண்டு வரியில்தான் விஷயம். ஏழாவது வரிசையில் அந்த மூன்றை மட்டும் முன்பே கொடுத்திருந்தால் புதிர் முழுமையாகியிருக்கும், இவ்வளவு அழகான ஒன்றை அப்படியே விட வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு நாள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் போட்டி நடத்தியவர்களுக்கு எழுதினேன். முடிவை இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு ஜாதவ்பூருக்குப் போய், அக்காவின் முன்னால் வைத்தேன்.

"எனக்கு என்னத்துக்கு? நான் முடிக்கலைல்லா" என்றார்.

"நானும் முடிக்கல, அக்கா."

அதைக் கேட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை எந்தக் கோப்பைக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். அந்தக் கோப்பை இப்போது நம் வாசக அறையில் பென்சில் போட்டு வைக்கப் பயன்படுகிறது. காரணம் தெரியாமல் அதிலிருந்து பென்சில் எடுத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சாட்சிக்குத் தங்கராஜ் அண்ணன் இருக்கிறார். ஓய்வு பெற்ற மறு ஆண்டு அக்காவின் வலது விழித்திரையின் நடுவில் சிறிய துளை விழுந்தது. இடது கண்ணில் முன்பே பார்வை குறைவு. அறுவை செய்து கண்ணுக்குள் காற்றுக் குமிழி ஒன்றை வைத்தார்கள். அது சரியான இடத்தில் அழுத்த வேண்டும் என்பதற்காகப் பத்து நாள் முகத்தைத் தரையை நோக்கி வைத்திருக்க வேண்டும். உண்பதும் உறங்குவதும் குப்புறத்தான். நெற்றிக்கும் கன்னங்களுக்கும் முட்டுக் கொடுத்து நடுவில் இடைவெளி விட்ட தலையணையில் முகத்தைப் பதித்துக் கட்டிலில் கிடந்தார். தேநீரைத் தரையில் வைத்து உறிஞ்சுகுழலால் குடித்தார். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். எனக்குத் தெரிந்தது அவருடைய பின்தலையும் சடையும்தான்.

"பேப்பர் இருக்கா?" என்றார். இருந்தது. "இன்னிக்குப் புதிரைச் சொல்லுங்க. வரிசை வரிசையா. எண் இல்லாத இடத்துல காலின்னு சொல்லுங்க."

நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். காலி, காலி, ஏழு, காலி, ஒன்று என்று எண்பத்தொரு கட்டங்களையும் சொல்லி முடித்தேன். ஒருமுறை திரும்பச் சொல்லச் சொன்னார். வெளியே சைக்கிள் ரிக்‌ஷாக்களின் மணி. அரை மணி நேரம் கழித்து, "ரெண்டாவது வரிசை ஆறாவது கட்டத்துல நாலு. குறிச்சுக்கோங்க" என்றார். சிறிது நேரம் கழித்து இன்னொன்று. அன்று ஆறு எண்கள் சொன்னார். ஆறும் சரியாகத்தான் தோன்றின. அது செய்தித்தாளில் வாரத்துக்கு ஒருமுறை வரும் மிகக் கடினமான புதிர். எழுதிப் போட்டாலே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

மறுநாள் கல்லூரி முடிந்து நான்கு மணிக்குப் போனேன். காலடி கேட்டதுமே தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, நேத்து ஆறாவது வரிசையில ஓர் எண்ணைத் தப்பா சொல்லிட்டீங்க."

"இல்லையே அக்கா. ரெண்டு தடவை பார்த்துத்தான் சொன்னேன்."

"அஞ்சை மூணாவது கட்டத்துலன்னு சொன்னீங்க. அங்கன அஞ்சு இருந்தா அந்தப் பெட்டியில ரெண்டுக்கு இடமே இல்ல. காலையில இருந்து பாத்துட்டேன். பேப்பரை எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். ஐந்து நான்காவது கட்டத்தில் இருந்தது. நான் ஐந்துக்கு முன்னால் ஒரு 'காலி'யை விழுங்கி, பின்னால் ஒன்றைக் கூட்டிச் சொல்லியிருந்தேன். குப்புறக் கிடந்த ஒரு பெண்மணி, கண்ணால் பார்க்காத ஒரு தாளில், கண்ணால் பார்த்துப் படித்த என் பிழையைப் பிடித்திருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க. முதல்ல இருந்து மறுபடி படிக்கட்டுமா?"

"வேண்டாம். அந்த அஞ்சை நம்பி வச்சதை மட்டும் எடுத்தாப் போதும். கொஞ்சம் பேசாம இருங்க."

அவருடைய விரல்கள் கட்டிலின் விளிம்பில் மெல்ல நகர்ந்தன. முந்தைய நாள் சொன்ன ஆறில் இரண்டை அடிக்கச் சொன்னார். நான்கு நிற்கட்டும் என்றார். தான் இரவிலும் காலையிலும் கண்டுபிடித்து எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த வேறு சிலவற்றில் எவை போயின, எவை நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எப்படி முடிகிறது என்று கேட்டேன். அவர் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒவ்வொரு எண்ணும் எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சா எடுக்குறது கஷ்டமில்லை தம்பி. சும்மா வந்து உக்காந்த எண்ணா இருந்தாத்தான் எல்லாத்தையும் கலைக்கணும்."

ஐந்தாம் நாள் மாலையில் எண்பத்தொரு எண்களையும் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை சொன்னார். நான் பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையையும், பத்தியையும், பெட்டியையும் சரிபார்த்தேன். ஒன்றும் தவறவில்லை. தங்கராஜ் அண்ணன் வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது, தேநீர் ஆறிப்போயிருந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கணிதத்தில் பெரிய மனிதர்கள் சிலரின் உரைகளைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டிலருகே நின்றபோது வந்த மலைப்பு வேறெங்கும் வந்ததில்லை.

கண் முழுதாகத் திரும்பவில்லை. மருத்துவர் ஓர் அட்டையைக் கொடுத்து, அதில் போட்டிருக்கும் சதுரங்களின் கோடுகள் நேராகத் தெரிகின்றனவா என்று கேட்டாராம். "எண்ணே இல்லாத கட்டத்தைக் குடுத்திருக்காரு, நான் எங்கன இருந்து ஆரம்பிக்க?" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் கோடுகள் நடுவில் வளைந்துதான் தெரிந்தன. அதன்பின் அவரால் தாளில் புதிரைப் பார்க்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் நான் படிப்பேன், அவர் கேட்பார். அவருக்காக நாங்கள் எல்லோரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணை மட்டும் சொன்னால் விடமாட்டார், காரணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மேசையின் வேகம் பாதியாகக் குறைந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் நாங்கள் உண்மையாகவே புதிர் போடக் கற்றோம்.

நான்கு மாதங்களுக்கு முன் இதயம் பலவீனமாகிவிட்டது தெரிய வந்தது. பரிசோதனைக்குப் போய் வந்த அன்று தொலைபேசியில் பேசினார். எவ்வளவு நாள் இருக்கிறது என்று மருத்துவரிடம் நேராகவே கேட்டிருக்கிறார். அவர் சிறிது யோசித்துவிட்டு, தெரியாது என்று சொல்லியிருக்கிறார். தங்கராஜ் அண்ணனுக்கு ஆத்திரம். வேறு மருத்துவரைப் பார்க்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

"இவரே இருக்கட்டும்னுட்டேன் தம்பி. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவரு, தெரிஞ்சதைச் சொன்னா நம்பலாம்லா" என்றார் அக்கா.

பத்தாம் நாள் காரியம் முடிந்து, பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். அக்காவின் கடிதத்தைப் பெற்ற ஸ்ரேயாவும் வந்திருந்தார், புல்புல் பௌதியின் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதுவிட்டுப் போனார். தங்கராஜ் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கல்யாணமான புதுசுல எனக்கு எரிச்சலா வரும் சுந்தரம். மழை வருமான்னு கேட்டா தெரியாதும்பா. ரயில் லேட்டாகுமா, தெரியாது. எல்லாரும் வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க, இவ சொல்ல மாட்டா. கொஞ்ச நாள்ல ஒண்ணு புரிஞ்சுச்சு. அவ ஒண்ணைத் தெரியும்னுட்டா, நான் அதுக்கு அப்புறம் யோசிக்கவே வேண்டாம். முப்பத்தெட்டு வருசம் அப்படியே இருந்துட்டேன்." மகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே, "இப்போ எல்லாத்தையும் நானே யோசிக்கணும்" என்றார்.

அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்வது என்று இந்த நாட்களில் நினைத்துப் பார்த்தேன். அவருடைய நினைவாற்றல் எனக்கு வராது. அந்தச் சங்கிலிகளும் வராது, தாளும் பென்சிலும் இல்லாமல் நான் மூன்று கட்டம் தாண்டமாட்டேன். நான் வைத்துக்கொள்ள விரும்புவது அவருடைய 'தெரியாது' என்ற சொல்லை. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டால் முகவரி சொல்வதுபோல, கூச்சமும் இல்லாமல் பெருமையும் இல்லாமல் அவர் அதைச் சொல்வார். முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற நான் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தெரியாதபோது தொண்டையைச் செருமிக்கொண்டு, அது உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை என்பேன்.

போன திங்கட்கிழமை வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, நான் எழுதிய தேற்றத்தின் நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டான். நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. தொண்டையைச் செருமப் போனவன் நிறுத்திக்கொண்டு, "ஜானி நா" என்றேன். தெரியாது. சிலர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நான் முன் பெஞ்சில் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து சுண்ணக்கட்டியை எடுத்தாள்.

"தேகா ஜாக், ஸ்யார்" என்றாள். பார்க்கலாம், சார்.